வாடைக் காற்றுக்கு ஒரு வால்

"தை மாதம், இரண்டாவது வியாழன். வாடை பலம். காட்டூர் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. அவர் டிராக்டரோடு வந்தார். கட்டி இழுத்தது வலைக் கயிற்றால்."

நாள்காட்டியில் அன்று கிழித்த தாளின் பின்பக்கம் நான் எழுதி வைத்திருக்கும் குறிப்பு இது. வார்டில் ஒரு ஊசி போட்டாலும் உடனே நாளையும் நேரத்தையும் எழுதிப் பழகியவள் நான். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருப்பதில்லை. காற்று திரும்பிய நாள், வலையில் இறால் பட்ட நாள், குக்கர் வாஷர் மாற்றிய நாள் எல்லாம் எழுதுவேன். "கவர்மெண்டு கூட இவ்ளோ எழுதாது மே" என்பார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் அந்த வருஷம் மார்கழி முதல் பங்குனி வரை நடந்ததை வரிசை குழம்பாமல் சொல்ல முடிகிறதென்றால் அது இந்தத் தாள்களால்தான்.

எங்கள் வீடு பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பத்தில் இருக்கிறது. நான் நர்ஸ். வேலை செங்குன்றத்தைத் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில். காலை ஷிப்ட். எங்கள் ஊரில் முதல் பஸ்ஸைப் பிடித்து இரண்டு இடத்தில் மாறிப் போனாலும் ஷிப்ட் தொடங்கிய பிறகுதான் போய்ச் சேர முடியும். அதனால் ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கிக்கொண்டு லீவு நாளில் மட்டும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. இன்ன நாள், இன்ன இடம், இன்னார் என்று முறை உண்டு. அதைப் பாடு என்போம். வருஷத்துக்கு ஒரு தரம் பங்குனியில் சீட்டுப் போட்டு முறையைப் பிரிப்பார்கள். எங்கள் குப்பத்தில் கல்யாணமான ஆளுக்குத்தான் சீட்டு. அதிலும் அவன் குடும்பம் ஊரில் அடுப்பு மூட்டிக் குடியிருக்க வேண்டும். குடும்பம் வெளியூர் போனால் சீட்டும் போகும். எழுதி வைத்த சட்டமாக இருந்தால் அதில் ஓட்டை தேடலாம். இது எழுதாத வழக்கம்.

மார்கழி ஊர்க்கூட்டத்தில் ஒரு பெரியவர் எல்லோர் முன்னாலும் என் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டார்.

"உன் பொஞ்சாதி எங்கடா குடித்தனம் பண்றா?"

"ஆஸ்பத்திரில வேல, பெரீப்பா. லீவுக்கு வர்றா."

"விருந்தாளியும் தான் லீவுக்கு வருவான். வூடுன்னா தெனம் அடுப்பு எரியணும். பங்குனிக்குள்ள ஒரு முடிவு பண்ணு."

அன்று இரவு போனில் இதை அவர் சொன்னபோது, வேலையை விடு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நானும், ஏரியை விட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்கு ஒருமுறை போயிருக்கிறார். இரும்புத் தொப்பி போட்டுக்கொண்டு கேட்டில் நின்றுவிட்டு வீடு திரும்பும்போது அவர் முகம் எப்படியிருந்தது என்று நான் பார்த்திருக்கிறேன். என் வார்டில் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான குழந்தையைக் கையில் ஏந்தும்போது என் முகம் எப்படியிருக்கும் என்று அவரும் ஒருநாள் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். இரண்டு பேருக்கும் தெரிந்திருந்ததால் இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு கார் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வெளிநாடு போகும்போது எனக்கு விட்டுப்போன சின்ன எலெக்ட்ரிக் கார். பழைய மாடல். இப்போது ரோட்டோரத்தில் வேகமாக சார்ஜ் ஏற்றும் மெஷின்களின் பிளக் அதற்குப் பொருந்தாது. வீட்டு பிளக்கில் ஒரு ராத்திரி முழுக்கப் போட வேண்டும். பாட்டரிக்கும் வயதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சார்ஜ் போடக் கேட்டுப் பார்த்தேன். அங்கே இருக்கிற லைன் எல்லாம் கருவிகளுக்கு என்றார்கள். இன்குபேட்டர் ஓடும் கட்டடத்தில் வேலை செய்கிறவள் அதற்கு மேல் வாதாட முடியாது.

ஆக, வீட்டில் ஏற்றிய சார்ஜிலேயே போய் வர வேண்டும். போவதில் தொந்தரவு இல்லை. திரும்புவதுதான். செங்குன்றத்திலிருந்து எங்கள் ஊர் வடகிழக்கே இருக்கிறது. தை மாதத்தில் வாடை அதே திசையிலிருந்து நேர் முகத்தில் அடிக்கும். அனுப்பம்பட்டுப் பக்கம் வரும்போதே பாட்டரிக் கட்டங்கள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கும். மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் ஊருக்கு முன்னாலேயே நின்றது. மூன்றாவதுதான் மேலே சொன்ன வியாழன்.

டிராக்டர் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்த வண்டியை அவர் வீட்டு வாசலில் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"காத்து தான் மே புடிச்சு இழுக்குது. எதிர்க்காத்துல படகு ஓட்றா மாரி தான். மூஞ்சி பாரு, செவுராட்டம் கீது. கூரா இருந்தா கிழிச்சினு போவும்."

உடைந்த படகை ஒட்டுகிறவன் என் தம்பி. பைபர் படகில் அடிபட்டால் கண்ணாடியிழைப் பாய் வைத்து, ரெசின் என்கிற பிசினைப் பூசிச் சரிசெய்வது அவன் தொழில். இரண்டு பேரும் சேர்ந்து, புயலில் உடைந்து கரையில் கிடந்த வேறு ஊர்ப் படகு ஒன்றின் முன்மூக்கை அறுத்து எடுத்தார்கள். எனக்கு ஷிப்ட் இருந்த ஒரு நாளில் அதை மாட்டியும்விட்டார்கள். லீவுக்கு நான் வந்து பார்க்கும்போது காரின் முன்னால் படகு முளைத்திருந்தது. பழைய பச்சைப் பெயிண்டும் வெள்ளைக் கோடும் அப்படியே.

"அக்கா, பாலத்துல டிராபிக்னா அப்டியே தண்ணில எறக்கிடு" என்றான் தம்பி.

"மச்சான், நீ வாய மூட்னு போல்ட் டைட் பண்ணு" என்றார் அவர்.

அந்த மூக்கோடு ஒரே ஒரு நாள் ஓட்டினேன். ஏரிக்கரை ரோட்டில் பக்கக் காற்று அதைப் பிடித்துத் தள்ளியது. ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. ஊரை விட்டுத் தாண்டுவதற்குள்ளேயே சார்ஜ் வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்குவது தெரிந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, விடுதியில் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் போனேன். அவர் ஸ்பானரை எடுத்து மூக்கைக் கழற்றத் தொடங்கினார். தண்ணீரில் பிழைக்கிற யாரும் அந்தத் தப்பைத்தான் செய்திருப்பார்கள் என்று பிறகு எனக்குத் தோன்றியது. படகுக்கு எல்லாம் மூக்குதான். பின்பக்கத்தை இன்ஜின் மாட்டத் தட்டையாக வெட்டி விட்டுவிடுவார்கள். அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

விடுதியில் படுக்கையில் கிடந்தபடி போனில் படிக்க ஆரம்பித்தேன். எனக்குக் கதை, வரலாறு, வானிலை என்று எதையும் படிக்கும் பழக்கம் உண்டு. காற்றைப் பற்றியும் காரைப் பற்றியும் அதுவரை படித்ததில்லை. பல ஊர்களில் பல பேர் வீட்டு வாசலிலேயே அட்டையையும் தகரத்தையும் வைத்துக் காரின் உருவத்தை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள்தான் உலகத்தில் முதல் பைத்தியம் என்று நினைத்திருந்தேன், நிம்மதியாக இருந்தது. அவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். காற்றுக்கு முன்பக்கம் கூராக இருக்க வேண்டாம், மழுங்கி உருண்டிருந்தால் போதும். வண்டியைப் பிடித்து இழுப்பது பின்பக்கம். திடீரென்று வெட்டிவிட்ட முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று வெற்றிடம் மாதிரி ஆகிவிடுகிறது. அதுதான் பின்னாலிருந்து உறிஞ்சுகிறது.

இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "பின்னாடி காத்து எப்டி மே இழுக்கும்? போன்ல எவனோ சொல்றான்னு..."

"நான் சொன்னா நம்ப வேணாம். காத்தையே கேளுங்க" என்றேன்.

அதற்கு ஒரு வழியும் படித்து வைத்திருந்தேன். வண்டியின் உடம்பெல்லாம் சின்னச் சின்ன நூல் ஒட்டி ஓட்டினால் காற்று போகும் வழி நூலில் தெரியும். வலை நூலை வெட்டி ஒட்டிப் பார்த்தார் அவர். நைலான் விறைத்துக்கொண்டு நின்றது. என் பையிலிருந்த, புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியிலிருந்து நூல் உருவி பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். கார் முழுக்க வெள்ளை மயிர் முளைத்த மாதிரி இருந்தது.

அடுத்த லீவு நாளில், விடிந்ததும் ஆளில்லாத ரோட்டில் நான் ஓட்டினேன். தம்பி பைக்கில் கூடவே வந்தான். அவன் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் கார் பக்கமாகவே கழுத்தை நீட்டியிருந்தார். கண்ணாடியில் பார்த்தேன். ஒரு இடத்தில் அவர் தம்பியின் முதுகில் ஓங்கித் தட்டினார். பைக் தள்ளாடியது. இரண்டு பேரும் திட்டிக்கொண்டது கண்ணாடி மூடிய காருக்குள்ளேயே கேட்டது.

நிறுத்தியதும் ஓடி வந்தார்.

"முன்னாடி நூலெல்லாம் எண்ணெ வெச்சு வாரின தலையாட்டம் படுத்துனு கீது. கூரை மேலயும் அப்டியே. பின்னாடி கண்ணாடிகிட்ட வந்தா பேய் புடிச்சா மாரி ஆடுது மே! சிலது முன்னாடி பாத்துனு நிக்குது!"

"நான் தான் சொன்னேனே."

"நீ சொன்ன. அது காட்டுச்சு." ரோட்டோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காரின் முதுகைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மடவ மீன் மாரி செய்யணும். அதுக்குத் தல மொத்தையா தான் கீது. ஒடம்பு போவப் போவ மெலியும். மடவைனு சொல்லியிருந்தா அப்பவே புரிஞ்சிருக்கும்ல?"

"இத்தினி நாள் அத்த துண்ணுனு தான இருந்தீங்க மாமா, உங்களுக்கே தெரியலியா?" என்றான் தம்பி.

"நீயும் தான் துண்ண. படகு மூக்க அறுத்தது யாரு? நானா?"

வால் கட்டும் வேலை தொடங்கியது. மீன் பெட்டிகளாக வரும் தெர்மாகோலை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கூரையின் முடிவிலிருந்து மெல்ல இறங்கும்படி கத்தியால் செதுக்கினார்கள். சரிவு அதிகமானால் காற்று மறுபடி பிரிந்துவிடும் என்று படித்திருந்ததால், என் பழைய பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்த கோணமானியை வைத்து நான் அளந்து கொடுத்தேன். ரெசின் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும். அதனால் மேலே பார்சல் டேப்பைச் சுற்றி, அதன் மேல் பைபர் பாயை வைத்து ரெசின் பூசினான் தம்பி. காய்ந்ததும் உள்ளிருந்த தெர்மாகோலைச் சுரண்டி எடுத்துவிட, உள்ளே வெறுமையான லேசான ஓடு நின்றது. பின் லைட்டையும் நம்பர் பிளேட்டையும் வால் நுனிக்கு மாற்றினார்கள். கழற்றி மாட்ட வசதியாகக் காது வைத்த நட்டுகள்.

வாலோடு நிறுத்தவில்லை. பின் சக்கரங்களை மூட வேண்டும் என்று நான் சொன்ன மறுநாள், என் அலுமினியக் குண்டான் மூடிகள் இரண்டைக் காணவில்லை. சோறு திறந்து கிடந்தது, சக்கரம் மூடியிருந்தது. வண்டியின் அடிவயிறு வழவழப்பாக இருக்க வேண்டும் என்றேன். அவர் யாரோ வீட்டு மஞ்சள் நீராட்டு விழா பிளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து அடியில் இழுத்துக் கட்டிவிட்டார். அந்தப் பெண்ணின் சிரித்த முகம் ரோட்டைப் பார்த்தபடி எத்தனை நாள் என்னோடு செங்குன்றம் போய் வந்தது! அவள் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் பயமாக இருக்கும்.

மறுபடி காஸ் நூல் ஒட்டி ஓட்டினோம். வாலின் மேல் நூல்கள் படுத்திருந்தன, நுனியில் கொஞ்சம் மட்டும் துடித்தன. படகு இறக்கும்போது செய்வது போல அவர் கற்பூரம் கொளுத்தி, வாலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழே வைத்தார். எங்கள் குப்பத்துப் படகுகளின் நிறம் நீலம், சிவப்பு. வாலுக்கும் அதே நிறத்தை அடித்திருந்தார்.

மாசி மாதம் முதல் வாரம், திங்கள். அன்று காலை கிளம்பி, ஷிப்ட் முடித்து, சாயங்காலம் திரும்பினேன். அனுப்பம்பட்டு தாண்டும்போது எண்ணிப் பார்க்கப் பயந்து கட்டங்களைப் பார்க்கவே இல்லை. ஏ.சி. போடவில்லை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போக, ஒரே வேகத்தில், பிரேக்கைத் தொடாமல் வந்தேன். காட்டூர் வந்தது, போனது. முன்பு வண்டி நின்ற இடத்துக்கு அடையாளமான புளியமரமும் போனது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது கடைசிக் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது.

அவர் ஏரிக்குப் போயிருந்தார். பார்த்து மெச்ச யாரும் இல்லை. நானே அடுப்பைப் பற்ற வைத்து, மூடியில்லாத குண்டானில் உலை வைத்தேன். அவர் வந்தபோது வாசலில் காரையும் அதன் வாலையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது ஜன்னல் வழியே தெரிந்தது. உள்ளே வந்து, "சோறு ஆச்சா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு நான் போட்டதைவிட இரண்டு கரண்டி கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன் பிறகு தினமும் வந்தேன். மீஞ்சூர் பக்கம் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார்.

"இன்னாம்மா இது?"

"வால் சார்."

"அது தெரியுது. யாரு வெச்சது?"

"எங்க வூட்டுக்காரர்."

சுற்றி வந்தார். லைட்டைப் போடச் சொன்னார். பிளேட்டைப் பார்த்தார். "இதுக்கெல்லாம் பர்மிஷன் வாங்கணும். வூட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்று அனுப்பிவிட்டார். வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். எழுதிக் கொடுங்கள் என்றார்கள், எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஊரில்தான் கேலி தாங்க முடியவில்லை. தெரு முனையில் வரும்போதே நாய்கள் குரைக்கும். மீன் காய வைக்கும் பெண்கள், "மடவ வந்திச்சு" என்பார்கள். ஒரு நாள் கொஞ்சம் தாமதமானால் மறுநாள் யாராவது, "நேத்து இன்னா, வாலு லேட்டு?" என்று கேட்பார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஊரில் வேறு பேச்சே இல்லையா என்று அவரிடம் முறையிட்டேன். "வுடு மே, பேஜாரு புடிச்சதுங்க" என்றார்.

பங்குனி ஊர்க்கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை. தம்பி வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரரின் பெயர் வந்ததும், மார்கழியில் கேட்ட அதே பெரியவர் ஆரம்பித்தாராம்: "இவன் வூட்டுல இப்ப குடித்தனம் கீதா, இல்லியா?" என் வீட்டுக்காரர் பதில் தயார் செய்து வைத்திருந்தார், எழுந்திருப்பதற்குள் பக்கத்திலிருந்தவர் முந்திக்கொண்டார்.

"இன்னா நைனா இப்டி கேக்குற? பொழுது சாஞ்சா அந்த வாலு வண்டி வரலியா? என் பொண்ணு அத்தப் பாத்துதான் வெளக்கேத்துறா."

"எங்க வூட்டு நாயி கூட அத்தப் பாத்துதான் கொலைக்குது" என்றாராம் இன்னொருவர். "அவ வரலனு யார் வேணா சொல்லட்டும், நாயி ஒத்துக்குமா?"

கூட்டம் சிரித்து அடங்குவதற்குள் பெரியவர், "சரி, சரி, சீட்டு எழுதுங்கடா" என்றுவிட்டார். சாதாரணக் காரில் நான் தினமும் வந்திருந்தால் பாதி பேர் கவனித்திருக்க மாட்டார்கள். வாலை என் வீட்டுக்காரர் காற்றுக்காகக் கட்டினார். பார்த்தது ஊர். அவருக்குக் கிடைத்த இடம் அந்த வருஷம் சுமாரானதுதான்; ஆனால் முறை முறைதான்.

ஒன்றை மட்டும் நாளும் நேரமும் எழுதுகிறவள் என்ற முறையில் பதிவு செய்ய வேண்டும். வால் மாட்டியபோதே வாடை தணியத் தொடங்கியிருந்தது. என் தாள்களில் மாசி இரண்டாம் வாரத்திலிருந்து தென்காற்று என்றே இருக்கிறது, அது முதுகில் தள்ளும் காற்று. பிரேக் தொடாமல் ஒரே சீராக ஓட்டவும் அப்போதுதான் பழகினேன். ஆகவே என்னை வீடு சேர்த்ததில் வாலின் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள, வாடை பலமாக அடிக்கும் ஒரு தை மாதத்தில் வாலைக் கழற்றிவிட்டு அதே வழியில் அதே மாதிரி ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு தை வந்து போய்விட்டது. இரண்டு தடவையும் நான் நட்டில் கை வைத்ததும் அவர், "இன்னாத்துக்கு மே, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். வாலால்தான் வண்டி ஊர் வந்து சேருகிறது என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.